மீன்கூட்டின் கண் அளவு: சிறிய கண் வைத்தால் அதிக மீன் விழும் என்பது சரிதானா?

கீழைக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட கரையில், இரையிட்டுக் கடலடியில் இறக்கும் மீன்பொறியான கூட்டை வைத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. தாத்தா காலத்தில் உடைமரக் குச்சிகளை வளைத்துப் பின்னிய கூடுகள் இருந்தன. அப்பா கடலுக்குப் போகத் தொடங்கிய சில ஆண்டுகளில் கம்பி வலை வந்து சேர்ந்தது. இப்போது எங்களிடம் உள்ள இருபது கூடுகளில் பாதிக்கு மேல் துருவேறிவிட்டதால், இந்தக் கச்சான் காற்று ஓய்வதற்குள் கம்பி மாற்றியாக வேண்டும்.

கடையில் அறுகோணக் கண் (கம்பிகளுக்கு இடையிலான துளை) உள்ள கம்பி வலை ஒரு அங்குலம், ஒன்றேகால் அங்குலம், ஒன்றரை அங்குலம் என மூன்று அளவுகளில் கிடைக்கிறது. அப்பா ஒரு அங்குலமே போதும் என்கிறார். உள்ளே வந்த மீன் எதுவும் வெளியே போகக் கூடாது என்பது அவர் கணக்கு. ஆனால் சென்ற வாரம் ஒரு கூட்டைத் தூக்கி வத்தையில் (சிறு படகில்) கவிழ்த்தபோது, உள்ளங்கைக்குள் அடங்கும் விளைமீன் குஞ்சுகளும் வண்ணத்துப்பூச்சி மீன்களுமே பெரும்பகுதியாகக் கிடந்தன. விலைபோகும் மீன் என்று பார்த்தால் ஒரு கலவாயும் இரண்டு செப்பிலியும்தான். மீதியைக் கரையில் ஒருவரும் விலை கேட்கவில்லை. கண்ணைப் பெரிதாக்கினால் வருமானம் குறையுமா, கூடுமா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் அப்பாவிடம் பேச எனக்குத் துணையாக இருக்கும்.

பவளப்பார்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது மிக நல்ல கேள்வி. மீன்வளம் படித்தவன் என்பதால் அளந்து பார்த்த ஒரு செய்தியிலிருந்து தொடங்குகிறேன்.

1986 டிசம்பர் முதல் 1988 ஜூலை வரை அமெரிக்காவின் தென்கிழக்கு ஃபுளோரிடா கடலில் கம்பிக் கூடுகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அரை அங்குலச் சதுரக் கண்ணில் தொடங்கி மூன்றுக்கு ஆறு அங்குலச் செவ்வகக் கண் வரை பதினொரு வகைக் கண்கள் ஒப்பிடப்பட்டன. 330 முறை கூடுகளைத் தூக்கியதில் 85 இனங்களைச் சேர்ந்த 1,810 மீன்கள், 757 கிலோ எடைக்குக் கிடைத்தன. அரை அங்குலக் கண்ணில்தான் எண்ணிக்கை கூடியிருக்கும் என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். ஆனால் எண்ணிக்கையிலும் எடையிலும் விலைமதிப்பிலும் முதலிடம் பெற்றது ஒன்றரை அங்குல அறுகோணக் கண். அதைவிடக் கண் சிறுத்தபோதும் பிடிப்பு குறைந்தது, பெருத்தபோதும் குறைந்தது. கண் பெருகப் பெருக ஒவ்வொரு மீனின் அளவும் கூடியது.

சல்லடை என்றால் கண் சிறுக்கச் சிறுக்க அதிகம் நிற்க வேண்டும். கூடு வெறும் சல்லடை அன்று, மீன் தானாக நுழைய வேண்டிய ஓர் இடம். நெருங்கிய கண் உடைய கூடு நீருக்குள் அடைத்த சுவர்போலத் தெரியும், பாசி படிந்தால் கேட்கவே வேண்டாம். இரையின் வாசனை வெளியேறுவதும் நீரோட்டம் ஊடுருவுவதும் குறையும். உள்ளே ஏற்கெனவே நிற்கும் மீனும் வெளியே உள்ள மீனுக்குச் சரியாகத் தெரியாது. எந்தக் காரணம் எவ்வளவு பங்கு வகித்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் விளைவு தெளிவாக அளக்கப்பட்டிருக்கிறது. உங்கள் அப்பாவின் ஒரு அங்குலக் கண் எதையும் தப்பவிடாது என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் நுழையும் மீனே குறைந்துபோனால் தப்பவிடாமல் இருந்து என்ன பயன்?

மூத்தகூடு

நாற்பது ஆண்டு கூடு வைத்தவன் என்ற முறையில் ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன். படித்தவர்கள் சொல்வதைத் தள்ளிவிடவில்லை, ஆனால் எங்கள் அனுபவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கலவாய் இரைக்காக மட்டும் கூட்டுக்குள் வருவதில்லை, உள்ளே துள்ளும் குஞ்சு மீனைத் தேடியும் வருகிறது. காலையில் வைத்த கூட்டில் முதலில் நகரையும் சிறிய ஓராவும் ஏறும். அவை உள்ளே நின்று சுற்றச் சுற்ற, அதைப் பார்த்துப் பெரிய மீன் வரும். கண்ணைப் பெரிதாக்கினால் அந்தக் குஞ்சுகள் நிற்காமல் போய்விடும், பிறகு கலவாயை எது இழுக்கும்? இது என் முதல் மறுப்பு.

இரண்டாவதை எந்தப் படிப்பாளியும் எங்களுக்கு இதுவரை தீர்த்துவைத்ததில்லை. நான் பெரிய கண் வைத்துச் சிறு மீனை விட்டுவிடுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) ஐம்பது அடி தள்ளிக் கூடு வைத்திருப்பவர் ஒரு அங்குலக் கண் வைத்திருந்தால், நான் வளரவிட்ட மீன் அவர் கூட்டில் போய் விழும். என் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? கடலில் விட்ட மீன் யாருக்கும் சொந்தமில்லை ஐயா.

பவளப்பார்

ஐயா, உங்கள் இரண்டு மறுப்புகளும் ஆழமானவை. முதலாவதில் நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. மீன் இருக்கும் கூட்டுக்கு மேலும் மீன் வருகிறது என்பதை ஜமைக்காவில் கூட்டுமீன்பிடிப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் மன்ரோ போன்றவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். ஃபுளோரிடாவில் மிகப் பெரிய கண்ணில் பிடிப்பு குறைந்ததற்கு, சந்தைக்கு ஏற்ற மீன்களும் நழுவியதோடு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். ஆகவே கண்ணை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம் என்று நான் சொல்லவில்லை. மீனைக் கூட்டுக்கு இழுக்கும் அளவுக்கு உள்ளே உயிர் இருக்க வேண்டும், விற்க முடியாத குஞ்சு வெளியேறவும் வேண்டும். இவை இரண்டும் சேரும் இடத்தைத்தான் தேடுகிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கூட்டுக்குள் வந்த மீன் அங்கேயே நிற்பதில்லை, வந்த புனல்வழியாகவே (உள்நோக்கிக் குறுகும் நுழைவாய்) சில மீன்கள் திரும்பிப் போய்க்கொண்டிருக்கின்றன. அதனால்தான் ஒரு கூட்டை எத்தனை நாள் கடலில் விட்டாலும் ஒரு கட்டத்துக்கு மேல் மீன் சேர்வதில்லை. நுழைவதும் வெளியேறுவதும் சமமாகிவிடுகின்றன. சிறு கண் வைத்தால் எதுவும் தப்பாது என்ற நம்பிக்கை இந்த இடத்திலேயே ஆட்டம் காண்கிறது.

இரண்டாவது மறுப்புக்கு ஜமைக்காவின் வடகரையில் உள்ள டிஸ்கவரி பே என்ற விரிகுடாவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே பார் மீன்கள் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுப் பெரிய மீன் என்பதே அரிதாகிவிட்டிருந்தது. மீனவர்கள் ஒன்றேகால் அங்குல அறுகோணக் கம்பியைப் பயன்படுத்தி வந்தார்கள். 1991இல் அங்குள்ள கடல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் ஒன்றரை அங்குலக் கம்பியைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் செய்தார்கள். கால் அங்குலம்தான் வேறுபாடு. அடுத்த சில ஆண்டுகளில் ஒரு கூட்டுக்குக் கிடைத்த மீனும், மீனின் சராசரி அளவும் கூடின.

அந்த ஊரில் இது நடந்ததற்குக் காரணம் கம்பி மட்டும் இல்லை. ஒருவர் மட்டும் மாற்றாமல், ஒரே விரிகுடாவில் கூடு வைப்பவர்கள் சேர்ந்து மாற்றினார்கள், கம்பிச் செலவையும் அவர்கள் தலையில் கட்டவில்லை. நீங்கள் சொன்ன ஐம்பது அடி தள்ளியிருக்கும் கூட்டின் சிக்கலுக்குத் தனி ஆளின் நல்லெண்ணத்தில் விடை கிடையாது. ஊர்க்கூட்டம் போட்டு ஒரு பாருக்கு ஒரு கண் என்று முடிவெடுப்பதில்தான் இருக்கிறது. வலை இழுக்கும் நாள், கடலுக்குப் போகாத நாள் என்று ஊர்க் கட்டுப்பாடு வைத்து நடந்துகொண்ட கரைதானே நம்முடையது?

சங்குகுளி

நான் சங்கு எடுக்கக் கடலில் இறங்குபவன். கூட்டுக்கு மேலே நின்று பார்ப்பவர்களுக்குக் கிடைக்காத காட்சி எனக்குக் கிடைத்திருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

நான்கு பாகத் தண்ணீரில் (விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம்), பாரின் ஓரத்தில் வைத்திருந்த ஒரு கூட்டின் அருகே மூச்சுப் பிடித்துப் பலமுறை நின்றிருக்கிறேன். உள்ளே வந்த மீன் முதலில் கூட்டின் ஓரத்தை ஒட்டியே சுற்றும். ஓரா ஒரு கண்ணைத் தேர்ந்துகொண்டு அதில் மூக்கை வைத்துத் தள்ளும், முடியாவிட்டால் அடுத்த கண்ணுக்கு நகரும். ஒருமுறை ஓர் ஓரா தலையை நுழைத்துவிட்டு, உடம்பின் அகன்ற பகுதி சிக்கியதும் சற்றே சாய்ந்தது. அறுகோணத்தின் நீண்ட மூலைக்குத் தன் முதுகையும் வயிற்றையும் பொருத்தி ஒரே உதறலில் வெளியே வந்தது. முதுகு முள்ளை மடக்கிக்கொண்டது தெளிவாகத் தெரிந்தது. பக்கவாட்டில் சிறிய கீறல் மட்டுமே இருந்தது. அருகில் நின்ற சிறிய கலவாய் அப்படி எதையும் முயலாமல் கூட்டின் மூலையில் அடியில் படுத்துக் கிடந்தது.

மீனுக்குத் தன் உடம்பின் அளவு தெரியும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்கு நேரமும் இருக்கிறது. இழுவலையில் மாட்டும் மீனுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை.

அளவுகோல்

சங்குகுளி எழுதியதில் ஒரு முழுப் பாடமே அடங்கியிருக்கிறது. கூட்டின் கண் எந்த மீனை நிறுத்தும் என்பதை மீனின் நீளமோ எடையோ முடிவு செய்வதில்லை. முதுகிலிருந்து வயிறு வரை உள்ள உடல் உயரமும், பக்கவாட்டுத் தடிமனுமே முடிவு செய்கின்றன. இதனால் ஒரே கண் வேறு வேறு இனங்களில் வேறு வேறு வயதுள்ள மீன்களைப் பிடிக்கும். வண்ணத்துப்பூச்சி மீன் தட்டுப்போல உயரமானது, ஆகவே மிக இளம் வயதிலேயே சிக்கிவிடும். உருண்டு நீண்ட உடல் கொண்ட மீன் அதே கண்ணில் நன்கு வளர்ந்த பிறகும் நழுவும்.

கம்பி வாங்கப்போகும் தம்பிக்கு ஓர் எச்சரிக்கை. கடையில் ஒன்றரை அங்குலம் என்று சொல்வது பொதுவாக அறுகோணத்தின் எதிரெதிர் இணைப் பக்கங்களுக்கு இடைப்பட்ட தூரம், அதாவது 38 மில்லிமீட்டர். ஒழுங்கான அறுகோணமாக இருந்தால் மூலைக்கு மூலை 44 மில்லிமீட்டர் வரும். முறுக்கிப் பின்னிய கம்பியில் அறுகோணம் பெரும்பாலும் ஒரு திசையில் நீண்டிருப்பதால் இன்னும் கூடுதலாகவே இருக்கும். அதே 38 மில்லிமீட்டரில் சதுரக் கண் எடுத்தால் மூலைவிட்டம் ஏறத்தாழ 54 மில்லிமீட்டர். சாய்ந்து நுழையத் தெரிந்த தட்டையான மீனுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. எனவே அளவை மட்டும் கேட்டு வாங்காமல், ஓர் அடிக்கோலைக் கையோடு கொண்டுபோய் இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள்.

வலைக்குச் சொல்லும் அளவையும் கூட்டுக்குச் சொல்லும் அளவையும் குழப்பிக்கொள்வதையும் கரையில் அடிக்கடி காண்கிறேன். நூல் வலையின் கண்ணை இழுத்துப் பிடித்து முடிச்சுக்கு முடிச்சு அளக்கிறோம். 40 மில்லிமீட்டர் வலைக்கண் என்றால் அதன் ஒரு பக்கம் 20 மில்லிமீட்டர்தான். அந்தக் கண்ணும் இழுபடும்போது சுருங்கி மூடிக்கொள்ளும். கம்பிக் கூட்டின் கண் இரவு முழுவதும் அதே அளவில் திறந்தே இருக்கும். ஆகவே வலைக்கு எழுதிய அளவைக் கூட்டுக்கு அப்படியே கொண்டுவருவது பொருந்தாது.

மூத்தகூடு

சங்குகுளி தம்பி பார்த்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் சிறு மீன் விழுந்தால் கூட்டைத் தூக்கியதும் கடலில் திரும்ப விட்டுவிடுகிறோமே, அது போதாதா? கண்ணை ஏன் மாற்ற வேண்டும்? கம்பிக்காகும் செலவு எங்களைப் போன்றவர்களுக்குச் சிறியது அன்று.

பவளப்பார்

போதாது ஐயா. ஏன் என்பது நீங்கள் கையால் தொட்டுப் பார்த்த ஒன்றுதான். ஆழமான பாரிலிருந்து கூட்டைத் தூக்கும்போது சில மீன்கள் வயிறு உப்பி, கண் பிதுங்கி, இரைப்பை வாய்வழியாக வெளியே தள்ளிய நிலையில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே வர வர நீரின் அழுத்தம் குறைவதால் மீனின் காற்றுப்பை விரிந்துவிடுகிறது. அந்த நிலையில் திரும்ப விட்ட மீன் கீழே இறங்க முடியாமல் நீர்மட்டத்தில் மிதக்கும், பறவைக்கோ பெரிய மீனுக்கோ இரையாகும். கடலடியிலேயே கண்வழியாக நழுவிய மீனுக்கு இந்தத் துன்பம் எதுவும் இல்லை. நாம் பார்க்காமலேயே அது பிழைத்துக்கொள்கிறது.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். கம்பி முழுவதையும் மாற்றாமலும் ஒரு வழி உண்டு. கரீபியன் கடலில் உள்ள குராசாவ் தீவில் கூட்டின் பக்கச் சுவரில் 2.5 சென்டிமீட்டர் அகலத்துக்குச் செங்குத்தான பிளவு ஒன்றை அமைத்துச் சோதித்தார்கள். 2010இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, விலையற்ற மீன்கள் கூட்டில் சிக்குவது ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு குறைந்தது. விற்பனை மதிப்பில் குறிப்பிடத்தக்க இழப்பு ஏற்படவில்லை. அளவுகோல் எழுதிய உயரம், தடிமன் என்ற பிரிவை இங்கே பொருத்திப் பாருங்கள். அறுகோணக் கண் உயரத்தைப் பார்த்து நிறுத்துகிறது, பிளவோ தடிமனைப் பார்த்து நிறுத்துகிறது. தட்டுப்போன்ற வண்ணத்துப்பூச்சி மீன் எவ்வளவு உயரமானாலும் பிளவுவழியே போய்விடும். விற்கும் அளவுக்கு வளர்ந்த கலவாயின் தடித்த உடம்பு போகாது. கென்யக் கரையில் கூடை வடிவக் கூடுகளிலும் இத்தகைய பிளவுகளைச் சோதித்து, பிடிபடும் மீனின் அளவு கூடியதைக் கண்டிருக்கிறார்கள்.

விலையற்ற மீன் என்று நாம் ஒதுக்குவதில் பாசி மேயும் மீன்களும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜமைக்காவின் பார்களில் 1970களின் இறுதியில் பாதிக்கு மேல் உயிருள்ள பவளம் மூடியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே போனது. 1980இல் வந்த ஆலன் புயலும், 1983இல் ஒரு நோயால், பாசியைத் தின்னும் கடல்முள்ளிகள் கூட்டமாக மடிந்ததும் அதற்குக் காரணங்கள். ஆனால் அந்த இழப்பிலிருந்து பார் மீண்டு எழ முடியாமல் போனதற்கு, பாசி மேயும் மீன்கள் முன்பே கூடுகளில் பிடிபட்டுத் தீர்ந்திருந்ததும் ஒரு காரணம். பவளத்தின் மேல் பாசி படர்ந்தால் விளைமீனுக்கும் கலவாய்க்கும் ஒதுங்க இடம் இராது. பிறகு நாம் எந்தப் பாரில் கூடு வைப்போம்?

தீவுக்கரை

ஒரு சிறிய சேர்க்கை. பெரிய மீனை மட்டும் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணமும் முழுமையானது அன்று. கலவாயில் பெரும்பாலான இனங்கள் பெண்ணாகப் பிறந்து வளர்ந்து, பின்னர் ஆணாக மாறுபவை. கிளிமீன்களிலும் பல அப்படியே. கண்ணைப் பெரிதாக்கி மிகப் பெரிய மீன்களையே தேர்ந்து எடுத்துக்கொண்டிருந்தால், பாரில் ஆண் மீன்கள் அருகிப்போகும் நிலை வரலாம். கண்ணால் கீழ் எல்லையை மட்டுமே வைக்க முடியும். மேல் எல்லையைப் புனலின் வாய் அகலத்தால்தான் வைக்க முடியும். கூடு பின்னும்போது கண்ணைப் பற்றி யோசிக்கும் அதே அக்கறையுடன் வாயின் அகலத்தையும் யோசிக்க வேண்டுகிறேன்.

சிங்கி இறாலுக்குக் கூடு வைப்பவர்களுக்கும் ஒன்று. ஏற்றுமதிக்கான குறைந்த எடை 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது: மணி சிங்கி 500 கிராம், பாறைச் சிங்கியில் சிறிய வகைக்கு 200 கிராம். அதற்குக் கீழே பிடித்தால் உள்ளூரில் அடிமாட்டு விலைக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். சிறியதைத் தானாக வெளியேற்றும் வழி கூட்டிலேயே இருந்தால் நட்டம் யாருக்கும் இல்லை.

சங்குகுளி

தொலைந்த கூடுகளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். மிதவை அறுந்து கடலடியில் கிடக்கும் கம்பிக் கூடுகளை நான் பார்த்திருக்கிறேன். அவை யாருக்கும் பயனின்றி மீன் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. உள்ளே சிக்கி இறந்த மீனே அடுத்த மீனுக்கு இரையாகிறது. ஒரு கூட்டுக்குள் எலும்பும் செதிலும் படிந்த அடுக்கின் மேல் உயிருள்ள கலவாய் ஒன்று மெலிந்து நின்றதைக் கண்டு, கத்தியால் கம்பியை அறுத்து விட்டேன். அந்தக் காட்சி இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. தாத்தா காலத்து உடைமரக் கூடு உளுத்துத் தானே பிரிந்துவிடும், கம்பி அவ்வளவு எளிதில் பிரியாது. கூட்டின் கதவை நைலான் கயிற்றால் கட்டாமல் தென்னை நார்க் கயிற்றால் கட்டினால், கூடு தொலைந்தாலும் கயிறு இற்றுக் கதவு திறந்துகொள்ளும். தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

கீழைக்கரையான்

எழுதிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று இரவு இந்தப் பதிவுகள் அனைத்தையும் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஃபுளோரிடாக் கணக்கை அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார், ஆனால் நம்பினாரா என்று சொல்ல முடியாது. ஓரா சாய்ந்து வெளியேறியதைப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்து, "அது உண்மைதான், கூட்டைத் தூக்கும்போது கண்ணில் பாதி நுழைந்து நிற்கும் ஓராவை நானும் எடுத்திருக்கிறேன்" என்றார்.

மூத்தகூடு ஐயாவின் கேள்வியைத்தான் அவரும் கேட்டார், பக்கத்துக் கூட்டுக்காரர் மாற்றாவிட்டால் என்ன செய்வது என்று. அதற்கு என்னிடம் உறுதியான விடை இல்லை. ஆகவே இப்போதைக்கு இப்படி முடிவு செய்திருக்கிறோம். பத்துக் கூடுகளுக்கு ஒன்றரை அங்குலக் கம்பி கட்டுகிறோம், அடிக்கோலால் இரண்டு திசையிலும் அளந்த பிறகே வாங்குவேன். மற்ற பத்து, அப்பா விரும்பும் ஒரு அங்குலத்திலேயே இருக்கும். இரு வகையையும் ஒரே பாரில், ஒரே ஆழத்தில், ஒரே இரையோடு மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு கூட்டிலும் விழும் மீனை இனம் பிரித்து எடைபோட்டு, விற்ற பணத்தையும் ஒரு நோட்டில் எழுதப்போகிறேன். ஒரு அங்குலக் கூடுகளில் இரண்டுக்குப் பக்கச் சுவரில் பிளவு வெட்டவும் அப்பா ஒத்துக்கொண்டார். இருபது கூட்டின் கதவுகளுக்கும் நார்க் கயிறுதான், அதில் அவர் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை.

மூத்தகூடு

நோட்டில் எழுதும்போது நிலவின் நாளையும் நீரோட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள் தம்பி. கண் மாறியதால் மீன் குறைந்ததா, நீர் மாறியதால் குறைந்ததா என்பது அப்போதுதான் தெரியும். வாடைக்காற்று தொடங்குமுன் அந்த நோட்டை எங்கள் ஊருக்கும் ஒருமுறை கொண்டுவாருங்கள். எங்கள் பாரில் கூடு வைக்கும் ஏழு வீட்டுக்காரர்களையும் நான் உட்காரவைக்கிறேன்.